ஸ்டாலுக்குப் பணம் கட்டிவிட்டேன், கண்ணு

பீன்யா, பெங்களூரு
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

ஜனவரி இம்டெக்ஸ் மெஷின் கண்காட்சியில் நம் கேஜ் பட்டறைக்கு ஸ்டால் எடுக்க முன்பணம் கட்டிவிட்டேன். போன வாரம் நீ வேண்டாம் என்று அவ்வளவு எடுத்துச் சொன்ன பிறகும் ஏன் கட்டினேன் என்று உனக்குக் கோபம் வரும், அதனால்தான் இதை எழுதுகிறேன். போனில் நீ வேகமாகப் பேசிவிடுகிறாய், நான் யோசித்து வாயைத் திறப்பதற்குள் உனக்கு அடுத்த மீட்டிங் வந்துவிடுகிறது.

நீ போட்ட கணக்கு தப்பில்லை. மூன்றுக்கு மூன்று மீட்டர் இடம், அதற்கு வாடகை, ஸ்டால் ஜோடிக்க ஒரு செலவு, கரண்ட், பையன்களுக்குச் சாப்பாடு, அந்த ஒரு வாரம் ஷெட்டில் பாதி மெஷின் நிற்கும் நஷ்டம், எல்லாம் சேர்த்தால் ஒரு பழைய கிரைண்டிங் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். அதே காசில் ஏஐயை வைத்து ஐந்து மொழியில் வெப்சைட், தினம் ஒரு லிங்க்ட்இன் பதிவு, வீடியோ, கேட்லாக் என்று வருஷம் முழுக்கச் செய்யலாம் என்றாய். செய்யலாம். டொரண்டோவில் உட்கார்ந்து பெரிய கம்பெனிகளுக்கு அதைத்தான் செய்துகொடுக்கிறாய், உனக்குத் தெரியாததா. ஆனால் பீன்யா தொழிற்பேட்டையில் இருக்கிற எல்லா ஷெட்டுக்காரருக்கும் அதே காசில் அதேதானே கிடைக்கும்? எனக்கு இடிக்கிற இடம் அதுதான்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். போன வருஷம் வளைகுடாவிலிருந்து ஒரு விசாரணை வந்தது. துளையின் அளவு சரியா என்று பார்க்கும் பிளக் கேஜ் நானூறு வேண்டும் என்று மெயில், கூடவே டிராயிங், டிராயிங்கில் அளவும், அது எவ்வளவு கூடலாம் குறையலாம் என்கிற டாலரன்ஸும் அச்சு அசலாகச் சரி, சந்தேகம் கேட்டு நான் எழுதினால் ஒரு மணி நேரத்தில் பதில், அந்தப் பதிலும் கேஜ் தெரிந்தவன் எழுதியதுபோலவே இருந்தது. கடைசியில் வெண்டர் ரெஜிஸ்ட்ரேஷன் என்று 38,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். அதோடு சரி, அந்தப் பக்கம் ஆளே இல்லை. பணம் போனதைவிட எனக்கு வேறொன்றுதான் உறுத்துகிறது. முன்பெல்லாம் இந்த மாதிரி ஏமாற்று மெயில் வந்தால் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும், இங்கிலீஷ் கோணலாக இருக்கும், மில்லிமீட்டரையும் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரானையும் குழப்பியிருப்பான். முப்பத்தைந்து வருஷமாக நான் கடிதத்தைப் படித்தே ஆளை எடைபோட்டேன். 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்ததற்கு அப்புறம் அந்தத் தராசு என் கையில் இல்லை. நல்லவன் எழுதும் கடிதமும் திருடன் எழுதும் கடிதமும் ஒரே மாதிரி சுத்தமாக இருக்கின்றன.

முகத்தைப் பார்த்துப் பேசினால் போதாதா, வீடியோ காலில் பார்க்கலாமே என்று கேட்பாய். ஹாங்காங்கில் 2024 தொடக்கத்தில் வெளியே வந்த விஷயம் உனக்கும் தெரிந்திருக்கும். ஒரு பெரிய பொறியியல் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு ஊழியர், வீடியோ மீட்டிங்கில் தன் நிதி அதிகாரியையும் சக ஊழியர்களையும் பார்த்துப் பேசி, அவர்கள் சொன்னபடி சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். பேசிய அத்தனை முகமும் போலி. முதலில் வந்த மெயிலைப் பார்த்து அந்த மனிதர் சந்தேகப்பட்டுத்தான் இருக்கிறார், முகத்தைப் பார்த்ததும் சந்தேகம் போய்விட்டது, அதை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது.

உன் அப்பாரு அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்கு மாடு வாங்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போவார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், பத்தடி நடக்கவிட்டுப் பார்ப்பார், அப்புறம் துண்டை மேலே போட்டுக்கொண்டு தரகர் விரலைப் பிடித்து விலை பேசுவார், பக்கத்தில் நிற்கிற எனக்கே என்ன விலை என்று தெரியாது. விற்கிறவர் மாட்டைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அப்பாரு காதில் வாங்கவே மாட்டார். "பேச்சுக்கு யார் காசு கொடுத்தார்கள், அது சும்மா வருவது" என்பார். ஆனால் அந்த மனிதர் எந்த ஊர், போன வருஷம் எந்த மரத்தடியில் கட்டியிருந்தார், அடுத்த வருஷமும் வருவாரா என்பதை மட்டும் நாலு பேரிடம் விசாரிப்பார். மாடு நொண்டினால் போய்க் கேட்க ஒரு இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் இத்தனை வருஷம் இம்டெக்ஸ் போய் நிற்பதும் அப்படித்தான், நம்மைத் தேடி வந்து கேட்க ஒரு இடம்.

2019 இம்டெக்ஸில் நடந்ததை உனக்குச் சொல்லியிருக்கிறேனா என்று ஞாபகம் இல்லை. ஸ்டாலில் 50 மில்லிமீட்டர் பிளக் கேஜும், அது போட்டுப் பார்க்க ஒரு ரிங்கும் வைத்திருந்தேன். 50 மில்லி துளைக்கு எச்7 என்கிற அளவுத் தரம் என்றால் வித்தியாசத்துக்கு மொத்தமே 25 மைக்ரான்தான் இடம், கோ பக்கம் தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும், நோகோ பக்கம் போகவே கூடாது. வருகிறவர்கள் எல்லாரும் கேஜைக் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பார்கள். கைச்சூட்டில் ஐந்து டிகிரி ஏறினாலே அந்த அளவு எஃகு கிட்டத்தட்ட மூன்று மைக்ரான் பெருத்துவிடும், அப்புறம் ரிங்கில் போட்டால் பிடித்துக்கொள்ளும், டைட்டாக இருக்கிறதே என்பார்கள். மூன்றாம் நாள் ஓசூரிலிருந்து ஒருவர் வந்தார். கேஜைக் கைப்பிடியில் மட்டும் பிடித்துத் தூக்கினார், ரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல வைத்தார், "இரண்டும் ஆறட்டும், நான் டீ குடித்துவிட்டு வருகிறேன்" என்று போய்விட்டார். அரைமணி கழித்து வந்து போட்டார், உள்ளே வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு வார்த்தை விலை பேசவில்லை, டெலிவரி எத்தனை வாரம் என்று மட்டும் கேட்டார். அவர் டீ குடிக்கப் போன அந்த நிமிஷமே இவர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, திரும்பி வந்து போட்டுப் பார்த்ததும் நான் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கும் நம் ஷெட்டு ஓடுவதில் கால்வாசி அவர் ஆர்டர். இதை எந்தப் பதிவில் எழுதி வைப்பாய், சொல்லு.

2023ல் இன்னொருவர் வந்து நம் கேஜ் ஒன்றை மேஜையில் டொக்கென்று வைத்தார். சீக்கிரம் தேய்ந்துவிட்டது, பார் என்றார். சுற்றி நாலு பேர். எனக்கு முகம் சிவந்துவிட்டது. எடுத்துப் பார்த்தேன், எஃகைச் சூடாக்கிக் கடினமாக்கும் ஹார்டனிங் சரியில்லை, நம் தப்புதான். மாற்றித் தருகிறேன் என்று அங்கேயே எழுதிக் கொடுத்தேன். இணையத்தில் யாராவது ஒரு ஸ்டார் போட்டிருந்தால், ஏஐயை விட்டு அழகாக ஒரு மன்னிப்பு எழுதிப் போட்டு முடித்திருப்போம். நேரில் அப்படி முடியாது. தப்பிக்க முடியாத இடத்தில் ஒருவன் தானாகவே வந்து நிற்கிறான் என்றால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. வார்த்தையும் படமும் வீடியோவும் சும்மா கிடைக்கக் கிடைக்க அந்த மதிப்பு கூடிக்கொண்டுதான் போகும் என்று நான் நம்புகிறேன்.

படம் என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே ஒரு வியாபாரி அனுப்பிய கேட்லாக்கில் பிளக் கேஜ் படம் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது, ஆனால் இரண்டு முனையும் ஒரே நீளம், நோகோ பக்கத்தில் சிவப்புக் கோடும் இல்லை. கோ பக்கம் நீளமாக இருக்கும் என்பது லேத்தில் நிற்கிற பையனுக்குக்கூடத் தெரியும். மெஷின் வரைந்த படம், யாரும் சரிபார்க்கவில்லை. பர்ச்சேஸில் உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் அது கண்ணில் படுமா? படாது. அளவு சரி என்று லேப் தருகிற கேலிப்ரேஷன் சான்றிதழையே யாரும் அச்சு மாறாமல் செய்துவிடலாம் போலிருக்கிற காலம் இது, நான் இப்போதெல்லாம் சான்றிதழ் நம்பரை லேபுக்குப் போன் செய்து கேட்ட பிறகுதான் நம்புகிறேன்.

இதற்காக நடக்கிற கூட்டம் எல்லாமே உசத்தி என்று சொல்ல வரவில்லை. நகரத்துக்குள் ஒரு பெரிய ஹோட்டலில் தொழில் கருத்தரங்கு என்று போனேன், நுழைவுக் கட்டணம் வேறு. பேசிய மூன்று பேரும் ஸ்லைடைப் பார்த்து ஒரே விஷயத்தை ஒரே வாக்கியத்தில் படித்தார்கள், ஏஐ எழுதிக்கொடுத்தது என்று எனக்கே புரிந்தது. அதை வீட்டில் இருந்தே படித்துக்கொள்ளலாம். பேசுவதைக் கேட்க மட்டும் கூட்டுகிற கூட்டங்கள் இனி நிற்காது. பொருள் மேஜை மேல் இருக்க வேண்டும், கேள்வி கேட்கிறவனும் பதில் சொல்கிறவனும் எதிரும் புதிருமாக நிற்க வேண்டும்.

கோவிட் சமயத்தில் நீ சொன்ன, இணையத்திலேயே நிகழ்ச்சி நடத்திக்கொடுத்த ஹோபின் கம்பெனி கதையும் எனக்கு மறக்கவில்லை. 2021ல் 775 கோடி டாலர் மதிப்பு போட்டார்கள், இனி கண்காட்சி எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்றார்கள், 2023ல் அந்த நிகழ்ச்சித் தொழிலையே ரிங்சென்ட்ரல் என்கிற இன்னொரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். 1969ல் மும்பையில் தொடங்கிய இம்டெக்ஸ் இங்கே பெங்களூரில் இன்னும் நடக்கிறது. இப்போது துமகூரு ரோட்டில் கண்காட்சி வளாகத்து வாசல் வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டது, 2024 நவம்பரில் மாதாவரா ஸ்டேஷன் திறந்தார்கள், பீன்யாவில் ஏறினால் நேராக அங்கே போய் இறங்கலாம். டெம்போவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு விடிகாலையில் கிளம்பின காலம் போயிற்று.

உன் வேலையைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதே. இங்கிலீஷ் சரியாக வராததால் எத்தனை நல்ல டர்னர்கள் சப்-கான்ட்ராக்டாகவே காலத்தை ஓட்டினார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஏஐ ஒரு வாசலைத் திறந்துவிட்டிருக்கிறது. நானே ஜப்பான்காரர் ஒருவருக்கு அதை வைத்துத்தான் பதில் எழுதினேன், அவர் ஸ்டாலுக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறார். பார், அங்கே எழுதியதும் இங்கே வந்துதான் முடிகிறது. யாரைச் சந்திப்பது, யார் என்ன வாங்குகிறார்கள் என்று முன்கூட்டித் தேடித் தருவதற்கு உன்னைவிட எனக்கு யார் இருக்கிறார்கள்? அந்தப் பட்டியலை மட்டும் நீ செய்து கொடு. பதிவு, வீடியோவுக்கு என்று நீ ஒதுக்கச் சொன்ன காசில் பாதியை உன் டிக்கெட்டுக்கு வைத்திருக்கிறேன்.

ஆமாம், வரச் சொல்கிறேன். ஸ்கூல் படிக்கும்போது ஒரு தடவை வந்து கேட்லாக் கொடுத்தாயே, அதற்கப்புறம் நீ ஸ்டாலில் நின்றதில்லை. உன் வேலை இன்னும் எத்தனை வருஷம் இருக்குமோ என்று அம்மாவிடம் அழுதாயாம், என்னிடம் சொல்லவில்லை. ஒரு வாரம் வந்து நில். விற்க வேண்டாம், வருகிறவர்கள் கேஜை எப்படிக் கையில் எடுக்கிறார்கள் என்று மட்டும் பார், சாயங்காலம் நாம் இரண்டு பேரும் பேசலாம்.

லீவு கிடைக்குமா என்று இந்த மாதத்துக்குள் சொல்லிவிடு. பேட்ஜுக்கு உன் போட்டோ ஒன்று வேண்டும், கண்ணாடி போட்டு எடுத்ததாக அனுப்பு.

அன்புடன்,
அப்பா