74 பீரங்கிக் கப்பலும் நாங்கள் ஐந்து பேரும்

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய விஷயத்தையும், உன் முழங்கால் வலி தேறி வருவதையும் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். வெயில்தான் வழக்கம்போலக் கொளுத்துகிறது. பதினொரு மணிக்கு மேல் லாங் பஜார் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. இலவம்பாடி முள் கத்தரிக்காய் வேண்டுமென்று உன் வீட்டில் கேட்டிருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் யாராவது கிளம்பினால் கண்டிப்பாகக் கொடுத்தனுப்புகிறேன்.

சரி, கப்பல் விஷயத்துக்கு வருகிறேன். “பாலாற்றில் தண்ணீரே இல்லை, வேலூரில் ஏதுடா கப்பல்?” என்று கேட்டிருந்தாய். ஃபோனில் அரைகுறையாகச் சொன்னால் அப்படித்தான் கேட்கத் தோன்றும். முழுதாகச் சொல்கிறேன், கேள்.

காட்பாடியில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கதவு ஜன்னல் விலை பேசப் போயிருக்கிறார் விருதம்பட்டு ஆசாரி. பின்கட்டில் சாக்குப் போர்த்திக் கிடந்ததைப் பார்த்தவர் உடனே எனக்கு ஃபோன் செய்தார். போய்ப் பார்த்தால், மரத்தில் செய்த பாய்மரப் போர்க்கப்பல். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்தால் ஒன்பது அடிக்கு மேல் நீளம். உள்ளே விலா எலும்பு மாதிரி வங்கு மரங்களை நிறுத்தி, மேலே பலகை பலகையாக ஒட்டி, நிஜக் கப்பலைக் கட்டும் முறையிலேயே யாரோ கட்டியிருக்கிறார். வீட்டுக்காரர்களுக்கு அதை விறகாக்க மனமில்லை, வைத்துக்கொள்ள இடமும் இல்லை. “எடுத்துட்டுப் போய் நல்லபடியா பண்ணுங்க, நாலு பேர் பார்க்கிற இடத்துல வைங்க” என்று கொடுத்துவிட்டார்கள். அதே நிபந்தனையோடுதான் இப்போது என் வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிறது.

வந்தபோது இருந்த நிலையைப் பார்த்திருந்தால் அழுதிருப்பாய். நடுப் பாய்மரம் முறிந்து தொங்கியது. கயிறுகளை எலி கடித்துக் குதறியிருந்தது. அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடும் ஏரா மரத்தைக் கரையான் கைநீளத்துக்கு அரித்திருந்தது. பீரங்கிகள் எல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தன.

இதைத் தனி ஆளாகச் செய்ய முடியாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. இப்போது ஐந்து பேர் இருக்கிறோம். மர வேலைக்கு ஆசாரி. பாய்த் துணிக்குக் குடியாத்தத்து நெசவாளி ஒருவர். கயிற்றுக்கு வாணியம்பாடிப் பக்கத்தில் பரம்பரையாகத் தென்னங்கயிறு திரிக்கும் குடும்பத்துப் பையன். நுண்ணிய வேலைக்கு, ஆபரேஷன் தியேட்டரில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிஸ்டர். லேத் வேலைக்கு நான். ராணிப்பேட்டையில் முப்பது வருஷம் கடைசல் பிடித்த கை, இன்னும் நடுங்கவில்லை.

முதலில் இது என்ன கப்பல் என்று பார்த்தோம். பார்க்க வருகிற எல்லோரும் ‘விக்டரி’ என்றே சொல்கிறார்கள். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் டிரஃபால்கர் கடற்போரில் இருந்த கப்பல், 1922 முதல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் உலர்துறையில் நிற்கிறது, படம் எல்லா இடத்திலும் கிடைக்கிறது, அதனால் அந்தப் பெயர் சட்டென்று வாயில் வருகிறது. ஆனால் விக்டரிக்கு மூன்று பீரங்கித் தளம், 104 பீரங்கி. நம்முடையதில் மூடிய தளம் இரண்டுதான். கீழ்த்தளத்தில் பக்கத்துக்கு 14, அதற்கு மேல் தளத்தில் பக்கத்துக்கு 14, திறந்த மேல்தட்டில் பின்பக்கம் 14, முன்பக்கம் 4. கூட்டிப் பார், 74. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கடற்படைக்கு முதுகெலும்பே இந்த ரகம்தான். டிரஃபால்கரில் அவர்கள் வரிசையில் நின்ற 27 பெரிய கப்பல்களில் 16 இந்த 74 பீரங்கி ரகம். கீழ்த்தளத்தில் இருந்தவை 32 ராத்தல் (பவுண்டு) குண்டு போடுபவை, ஒவ்வொன்றும் இரண்டே முக்கால் டன் கனம். கனமானதை அடியில் வைத்தால்தான் கப்பல் கவிழாது. நம் மாதிரியைச் செய்தவருக்கு இதெல்லாம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. கீழ்த்தளத்துப் பீரங்கியையும் மேல்தட்டுப் பீரங்கியையும் வெவ்வேறு நீளத்தில், நிஜத்தில் 24-இல் ஒரு பங்கு என்ற அளவு பிசகாமல் வார்த்திருக்கிறார்.

பின்பக்கம் பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கிறது. ஏதாவது புகழ்பெற்ற பெயரை எழுதிவிடலாம், பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்ல வசதி என்று நெசவாளி சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. செய்தவர் எழுதாத பெயரை எழுத நமக்கு உரிமை கிடையாது. இந்த வேலை முழுக்க எனக்கு அதுதான் கணக்கு: உடைந்ததைச் சேர்க்கலாம், தொலைந்ததைச் செய்யலாம், அவர் கை பட்ட இடத்தைத் திருத்தக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லியே நான் எல்லோரிடமும் சண்டைக்காரன் ஆகிவிட்டேன். ஆனாலும் விடுவதாயில்லை.

பெயிண்ட் விஷயத்திலும் இதே தகராறு. வெளிப்புறம் கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டிருந்தது. பல இடத்தில் உரிந்திருந்ததால் மொத்தமாகச் சுரண்டிப் புதிதாக அடித்துவிடலாம் என்றார்கள். சுக்கானுக்குப் பக்கத்தில், கண்ணில் படாத ஒரு மூலையில், சிஸ்டர் அறுவை பிளேடால் அரை அங்குலம் மட்டும் மெதுவாக எடுத்துப் பார்த்தார். வெள்ளைக்குக் கீழே காவி கலந்த மஞ்சள். அதற்குக் கீழே வெறும் மரம். ஆக, செய்தவர் அடித்தது மஞ்சள். கருப்பு வெள்ளை பிறகு வந்த யாரோ ஒருவர் கைவண்ணம். விக்டரிக்கே இது நடந்திருக்கிறது. பழைய பெயிண்ட் அடுக்குகளை ஆராய்ந்து, டிரஃபால்கர் காலத்து நிறம் இதுதான் என்று முடிவு செய்து, 2015-இல் வெளிர் நிறத்துக்கு மாற்றி அடித்தார்கள். நாங்கள் மேலடுக்கை மட்டும் எடுக்கிறோம். குச்சியில் பஞ்சு சுற்றி, எச்சில் தொட்டுத் துடைப்பது அழுக்கை எடுக்க நல்ல வழி. பெரிய மியூசியங்களிலும் ஓவியங்களை இப்படித் துடைப்பதுண்டு. ஆசாரிக்கு மட்டும் இது துளியும் பிடிக்கவில்லை. உளி வைப்பதற்கு முன் கற்பூரம் காட்டுகிற மனிதர், எச்சில் படலாமா என்கிறார். அவர் இருக்கும்போது தண்ணீர்தான்.

பீரங்கிகளைப் பற்றி உன்னிடம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் துறைமுகத்துப் பழைய ஆபீஸ்களிலும் இதுபோல மாதிரிகள் இருக்கக்கூடும். அவை ஈயத்தில் வார்த்தவை. மரப்பெட்டியில் காற்றோட்டம் இல்லாமல் அடைத்து வைத்தால், மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். மேலே மாவு மாதிரி வெள்ளை பூக்கும். நாளாக ஆக மொத்தமும் பொடியாகிவிடும். அந்தப் பொடி விஷம். கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடக் கூடாது என்று சிஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தேறக்கூடியதைத் தனியே மூடி வைத்திருக்கிறோம். மற்றவற்றுக்கு நான் பித்தளையில் கடைந்துகொண்டிருக்கிறேன். கீழ்த்தளத்துப் பீரங்கி ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. புதிது ஒவ்வொன்றின் அடியிலும் வருஷத்தைப் பொறித்துவிடுகிறேன். பின்னால் பார்க்கிறவனுக்கு எது பழசு எது புதுசு என்று தெரிய வேண்டும்.

ஏராவை ஆசாரி சரிசெய்த விதம் அழகு. அரித்த பாகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பழைய மரத்தையும் புதுத் தேக்கையும் சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்து இணைத்தார். நிஜக் கப்பலிலும் ஏராவை அப்படிப் பல துண்டுகளாகச் சேர்த்துத்தான் செய்தார்கள். ஃபெவிகால் வேண்டாம், தோலைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரப் பசைதான் என்று அவரே சொன்னார். வஜ்ஜிரத்தை வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம். நாளைக்கு நம்மைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் வந்தால், அவனுக்கும் வழி விட்டு வைக்க வேண்டுமல்லவா?

கயிறு வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கடையில் வாங்கும் நூலைக் கட்டினால் நூல் மாதிரிதான் தெரியும், கயிறு மாதிரி தெரியாது. அதனால் பையன் தாழ்வாரத்திலேயே திரிக்கிறான். ஒரு பக்கம் மூன்று கொக்கி, என் டிரில் மெஷினோடு சேர்த்தது. மறுபக்கம் ஒரே கொக்கி, சின்னச் சக்கர வண்டியில் எடை வைத்தது. மூன்று புரியையும் ஒரு பக்கமாக முறுக்கேற்றி, நடுவில் மூன்று பள்ளம் வெட்டிய கூம்புக் கட்டையை வைத்து, எதிர்ப்பக்கமாகச் சுற்ற விடுகிறான். கட்டைக்குப் பின்னால் கயிறு தானாக விழுந்து இறுகிக்கொண்டே வருகிறது. முறுக்கு ஏற ஏற நீளம் குறைகிறது, வண்டி தரையில் ஊர்ந்து முன்னால் வருகிறது. நூலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தென்னங்கயிறு திரித்துப் பழகிய விரல் என்பதால், முறுக்கு போதும் என்பது அவனுக்குத் தொட்டாலே தெரிகிறது. பிறகு ஜவ்வாது மலைத் தேன்மெழுகில் இழுத்துப் பிசிறை அடக்குகிறோம். விக்டரி கட்டப்பட்ட சாத்தம் கப்பல் தளத்தில் கயிறு திரிக்கவே கால் மைல் நீளத்துக்கு ஒரு கட்டிடம் இருக்கிறது, இன்றும் அங்கே திரிக்கிறார்கள் என்று சொன்னதும் பையன் வாயைப் பிளந்தான். அதிலிருந்து நம் கப்பலுக்கு எத்தனை கயிறு வேண்டும் என்று அவனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான்.

பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கயிறுகளின் குறுக்கே, மாலுமிகள் ஏறுவதற்கு ஏணிப்படி மாதிரி கயிறு கட்டுவார்கள். படிக்குப் படி நிஜத்தில் ஒன்றரைச் சாண், நமக்கு அரை அங்குலத்துக்குச் சற்று மேல். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. சிஸ்டர் பின்னால் கோடு போட்ட அட்டையைச் சொருகி, வளைந்த தையல் ஊசியும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸுமாகப் போட்டுக்கொண்டு வருகிறார். முடிச்சைக் கொஞ்சம் அதிகமாக இறுக்கினாலும் நெடுக்குக் கயிறுகள் உள்ளே வளைந்துவிடும், மொத்தமும் இடுப்பு சிறுத்த மாதிரி ஆகிவிடும். அவர் போட்ட வரிசையில் அளவுகோலை வைத்துப் பார்த்தேன், ஒரு கயிறுகூட நகரவில்லை.

இன்னொரு விஷயம் சொன்னால் உனக்குப் புல்லரிக்கும். கோட்டையில் 1806 ஜூலை 10-ஆம் தேதி விடியற்காலையில் நம் சிப்பாய்கள் எழுந்தார்களே, அன்று உள்ளே இருந்த வெள்ளையர் படை 69-ஆவது ரெஜிமென்ட். அதே ரெஜிமென்டின் ஒரு பிரிவுதான் அதற்கு முன்னால் நெல்சனின் கப்பல்களில் கடற்படைச் சிப்பாய்களாக இருந்தது. 1797 பிப்ரவரி 14-இல் செயின்ட் வின்சென்ட் முனைப் போரில், ‘கேப்டன்’ என்ற கப்பலிலிருந்து ஸ்பானியக் கப்பலுக்குத் தாவியபோது, 69-ஆவது ரெஜிமென்ட் சிப்பாய் ஒருவன் ஜன்னலை உடைத்து உள்ளே குதித்தான், நெல்சன் அவன் பின்னால் போனார். அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த ‘கேப்டன்’ நம்முடையதைப் போலவே 74 பீரங்கிக் கப்பல். ஒன்பது வருஷம் கழித்து அந்தப் படை நம் அகழிக்குள் இருந்தது. திருநீறும் நாமமும் போடாதே, தாடியை எடு, தோல் பட்டை வைத்த தலைப்பாகையைக் கட்டு என்று உத்தரவு போட்டதன் விளைவை அவர்கள்தான் முதலில் அனுபவித்தார்கள். அந்த ரெஜிமென்டில் நூற்றுக்கும் மேல் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்த பிறகு நம் ஆட்கள் நூற்றுக்கணக்கில் சுடப்பட்டார்கள். மக்கான் சிக்னலில் அந்தச் சிப்பாய்களுக்கு வைத்த நினைவுத் தூணைத் தாண்டும்போதெல்லாம் இப்போது எனக்குக் கப்பலும் சேர்ந்து நினைவுக்கு வருகிறது. கப்பலை வைக்கும் இடத்தில் இந்தக் கதையையும் பலகையில் எழுதி வைக்க வேண்டும், இரண்டு பக்கத்துச் சாவையும் சேர்த்து. அதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

இப்போது உன் உதவி வேண்டும். பாய் கட்டுவதா வேண்டாமா என்று முடிவாகவில்லை. பழைய பாயில் ஒரு கிழிசல் மட்டும் மிச்சம். நெசவாளி நூறாம் நம்பர் நூலில் நெய்து தயாராக வைத்திருக்கிறார். நிஜப் பாயில் இரண்டடி அகலத் துணிகளைத் தைத்துச் சேர்ப்பார்கள், அதனால் அங்குலத்துக்கு ஒரு தையல் கோடு ஓட்டியிருக்கிறார். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லாப் பாயையும் விரித்துவிட்டால் சிஸ்டர் கட்டிய கயிறு, மேல்தட்டு, பீரங்கி எல்லாம் மறைந்துவிடும். சுருட்டி, பாயைத் தாங்கும் குறுக்கு மரமான பருமலோடு கட்டிவிடலாம் என்பது என் எண்ணம். பருமலில் பாயைச் சுருட்டிக் கட்டும் கட்டு எனக்குப் படத்தில் பார்த்துப் புரியவில்லை. உங்கள் ஊரில் தோணியில் பாய் கட்டிப் பழகிய பெரியவர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் கேட்டு, கட்டும்போது கையை மட்டும் பக்கத்தில் வைத்து வீடியோ எடுத்து அனுப்பு. அவர் முறையும் இந்தக் கப்பல் முறையும் வேறாக இருக்கலாம், பரவாயில்லை, கையைப் பார்த்தால் பையன் பிடித்துக்கொள்வான்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மூன்று பாய்மரத்தையும் நிறுத்திவிட வேண்டும். நீ சென்னைக்கு மகன் வீட்டுக்கு வரும்போது அப்படியே காட்பாடிக்கு ரயில் ஏறு, இரண்டு மணி நேரம்தான். மரத்தைத் தூக்கிப் பிடிக்க ஆள் போதவில்லை.

அன்புடன்,
உன் நண்பன்