சலாம் கொடுத்த பிறகும் மன்னிப்பு ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளொன்றுக்கு ஐந்து வேளை தொழுது மன்னிப்புக் கேட்டுவிட்டால் செய்த பாவமெல்லாம் தீர்ந்துவிடும், அவ்வளவுதான் இஸ்லாம் சொல்வது என்ற எண்ணம் பிற சமய நண்பர்களிடம் மட்டுமல்ல, எங்களில் சிலரிடமும் இருக்கிறது. பல ஆண்டுகள் என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவர், "ஐந்து வேளையும் அழித்துவிட்டால் அப்புறம் உங்களுக்கு என்ன பயம்?" என்று அண்மையில் சிரித்துக்கொண்டே கேட்டார். அன்று அவருக்குச் சரியாகச் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

அவர் கேட்டதில் ஆதாரம் இல்லாமலில்லை. வீட்டு வாசலில் ஓடும் ஆற்றில் ஒருவர் தினமும் ஐந்து முறை குளித்தால் உடலில் அழுக்கு மிஞ்சுமா என்று நபிகள் நாயகம் (ஸல்) தோழர்களிடம் கேட்டதும், ஐவேளைத் தொழுகையும் அப்படித்தான் என்று சொன்னதும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நபிமொழித் தொகுப்புகளிலும் உள்ளன. ஆனால் ஒரு தொழுகைக்கும் அடுத்த தொழுகைக்கும் இடையில் நேர்ந்த பிழைகளுக்கு அத்தொழுகைகள் பரிகாரமாகும் என்று கூறும் இன்னொரு நபிமொழி, பெரும்பாவங்களைத் தவிர்த்திருந்தால் என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொல்கிறது. ஆற்று உவமை பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) கேட்கும் அளவுக்கு இந்த நிபந்தனை என் காதில் விழுவதில்லை.

தொழுகைக்குள் மன்னிப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். முதல் சுஜூதிலிருந்து, அதாவது தரையில் நெற்றி வைத்து வணங்கும் நிலையிலிருந்து, நெற்றியை எடுத்து இரண்டாவது சுஜூதுக்குக் குனிவதற்கு முன் சற்றே உட்காரும் அந்த இருப்பில், "ரப்பிக்ஃபிர் லீ", என் இறைவா, என்னை மன்னிப்பாயாக, என்று ஓதுகிறோம். கடமையான 17 ரக்அத்துகளில் (தொழுகையின் சுற்றுகளில்) மட்டும் ஒரு நாளைக்கு 17 முறை இந்த இருப்பு வருகிறது (அவசரத் தொழுகையில் முதலில் பறிபோவதும் இதுதான்). பின்னாளில் முதல் கலீஃபாவான அபூபக்ர் (ரலி), தொழுகையில் ஓத ஒரு துஆ (பிரார்த்தனை) கற்றுத் தருமாறு கேட்டபோது நபியவர்கள் கற்பித்தது, "இறைவா, எனக்கு நானே பெரிதும் அநீதி இழைத்துக்கொண்டேன்" என்று தொடங்கும் துஆ. அவ்வளவு உயர்ந்த தோழரின் வாயிலேயே வைக்கப்பட்ட சொற்கள் இவை.

எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது தொழுகை முடிந்த அடுத்த கணம். சலாம் கொடுத்தவுடன், அதாவது இரு பக்கமும் முகம் திருப்பி முகமன் கூறித் தொழுகையை முடித்தவுடன், நபியவர்கள் மூன்று முறை "அஸ்தஃக்ஃபிருல்லாஹ்" (அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கிறேன்) என்று கூறுவார்கள்; நாங்களும் கூறுகிறோம். இப்போதுதானே வணக்கத்தை முடித்தோம், அதற்குள் எதற்கு மன்னிப்பு? தக்பீர் கட்டி, அதாவது 'அல்லாஹு அக்பர்' சொல்லித் தொழுகையைத் தொடங்கி, நின்றபோதே கடைக் கணக்கிலும் பேரனின் காய்ச்சலிலும் அலைந்த மனத்துக்காகத்தான் என்பது என் புரிதல். ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) என் பக்கத்தில் உட்காரும் முதியவர் ஒருவர் அதை விரல் கணுக்களைத் தொட்டு அவ்வளவு மெதுவாகச் சொல்வார். அவர் முடிப்பதற்குள் பின்வரிசையில் பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

நண்பர் கேட்ட 'அழிப்பது' அறவே செல்லாத இடம் ஒன்றும் உண்டு. மனிதர்களுக்குச் செய்த தீங்கைச் சம்பந்தப்பட்ட மனிதரிடமே தீர்த்தாக வேண்டும். தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் நிறையக் கொண்டு மறுமையில் வந்தும், ஒருவரைத் திட்டியதற்கும் இன்னொருவர் பொருளை உண்டதற்குமாகத் தன் நன்மைகளையெல்லாம் அவர்களிடம் இழந்து நிற்பவரைத்தான் நபியவர்கள் திவாலானவர் என்றார்கள். கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸா (இறந்தவருக்கான தொழுகை) தொழுவிக்கத் தயங்கி, தோழர் அபூகத்தாதா (ரலி) அக்கடனை ஏற்றுக்கொண்ட பிறகே தொழுவித்தார்கள்.

சென்ற மாதம் எங்கள் மஹல்லாவில் காலமான ஒருவர், ஐவேளையும் முதல் ஸஃப்பில் நின்றவர். ஜனாஸா தொழுகைக்கு முன் அவருடைய மகன் எழுந்து, "வாப்பா யாருக்காவது ஏதாவது தர வேண்டியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், மனம் நோகப் பேசியிருந்தால் மன்னித்துவிடுங்கள்" என்றார். கூட்டத்தில் ஒருவர் எழுந்து அவர் காதில் ஏதோ சொன்னார். மகன் தலையசைத்தார். அதன் பிறகுதான் இமாம் தக்பீர் கட்டினார்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்