போவிஸ் கோட்டையைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நேஷனல் டிரஸ்ட் நிர்வாகத்தாருக்கு வணக்கம்.

வேல்ஸில் வெல்ஷ்பூல் ஊரை ஒட்டி நிற்கும் போவிஸ் கோட்டை 1952 முதல் உங்கள் பொறுப்பில் இருக்கிறது. திப்பு சுல்தானின் கூடாரமும், அவர் அரியணையை அலங்கரித்த தங்கப் புலித்தலை ஒன்றும் அங்கேதான் உள்ளன. அவற்றைத் திருப்பித் தர வேண்டுமா என்பது தனி வழக்கு, அதை இங்கே இழுக்கவில்லை. நான் கேட்பது, கோட்டையைச் சொந்தமாக வைத்திருந்த ஹெர்பர்ட் குடும்பத்தின் கதையில் ஒரு அத்தியாயத்தை.

அந்தக் குடும்பம் அசல் வேல்ஸ் மண்ணில் முளைத்தது. ராக்லன் கோட்டைக்காரர் வில்லியம் ஆப் தாமஸின் மகன் ஹெர்பர்ட் என்ற பெயரைச் சூடிக்கொண்டு, 1468-ல் பெம்புரோக் பிரபு ஆனார். மறு வருஷமே எட்ஜ்கோட் போரில் தோற்றுத் தலையை இழந்தார். பின்னாளில் ஏழாம் ஹென்றியாக முடிசூடிய ஹென்றி டியூடர், சிறுவனாக வளர்ந்தது இவருடைய பாதுகாப்பில்தான். இந்த வம்சத்தின் ஒரு கிளை 1587-ல் போவிஸை விலைக்கு வாங்கியது.

அப்புறம் 1784-ல் ஹென்ரியட்டா ஹெர்பர்ட், ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டை மணந்தார். பழைய பட்டத்துக்குப் புதுப் பணம் சேர்ந்தது. எங்கள் ஊர் ஜமீன்களிலும் நடந்த சம்பந்தம்தான்!

எட்வர்ட் 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநர். அந்த ஆண்டுகளை, திப்புவை வீழ்த்திய சீரங்கப்பட்டண வெற்றியோடு முடித்துவிட முடியாது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது அவர் காலத்தில். 1801 ஜூனில் சின்ன மருது திருச்சிக் கோட்டைச் சுவரில் ஆங்கிலேயருக்கு எதிராக அறிக்கை ஒட்டியதும் அவர் காலத்தில். அதே ஆண்டு ஜூலையில் கர்நாடக நவாபின் ஆட்சி கம்பெனி கைக்குப் போனது. அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கில் தொங்கினார்கள். டிசம்பரில் பாளையங்களின் ஆயுதங்களைப் பறிக்கும் பிரகடனம் வந்தது, எட்வர்ட் கிளைவ் பிரபுவின் பெயரிலேயே. சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்டவர்களை 1802-ல் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள்.

இவ்வளவும் நடந்து முடிந்து ஊர் திரும்பியவருக்கு 1804-ல் போவிஸ் பிரபு பட்டம் கிடைத்தது. அவருடைய மகன் 1807-ல் கிளைவ் என்ற குடும்பப் பெயரை விட்டு ஹெர்பர்ட் ஆனார்.

எனவே எட்வர்ட் கிளைவைப் பற்றி நீங்கள் பார்வையாளர்களுக்குச் சொல்லும் இடத்தில், பாஞ்சாலங்குறிச்சியும் சிவகங்கையும் இந்தத் தேதிகளோடு இடம்பெற வேண்டும். ஆங்கிலத்தோடும் வெல்ஷோடும் தமிழிலும் எழுதினால் இன்னும் நல்லது. வாசகத்தைச் சரிபார்த்துத் தர, பாளையக்காரர் வரலாற்றில் ஊறிய ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் பலர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தென்பாண்டிச் சீமையிலிருந்து ஒரு வாசகன்