நீலம் மறைந்தால் நீர் சுத்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாயநீரை வெயிலில் தெளியவைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஒளி பட்டால் இந்த ஆக்சைடு நீரைப் பிரிக்கும் என்று 1972-ல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டிய சோதனையிலிருந்து தொடங்கியது அருமை. ஆனால் ‘நீலம் மறைந்தது, நீர் சுத்தமானது’ என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. அதே இடத்தில் நானும் ஏமாந்திருக்கிறேன்.

ஆய்வு மாணவியாக இருந்தபோது, மெத்திலீன் நீலக் கரைசலில் அந்த வெள்ளைத் தூளோடு கொஞ்சம் ஆல்கஹாலும் சேர்த்து, புட்டியை விளிம்புவரை நிரப்பி மூடி, புற ஊதா விளக்கின் கீழ் வைத்தேன். ஒளி பட்ட தூள் நீரிலிருந்து உண்டாக்கும், சாயத்தைச் சிதைக்கும் தீவிரத் துண்டுதான் ஹைட்ராக்சில் ரேடிக்கல். அதை ஆல்கஹால் பிடித்துக்கொள்ளும்; அப்படியும் சாயம் அழிந்தால் அழித்தது வேறொன்று என்பது என் கணக்கு. நீலம் போயே போய்விட்டது. ஒரே சந்தோஷம். பாதியை வேறு குழாயில் ஊற்றிவிட்டு, மீதியைக் குலுக்கினேன். கண்ணெதிரே நீலம் திரும்பி வந்தது.

சாயம் அழியவே இல்லை. ஒளி பட்டால் ஆக்சைடில் ஓர் எலக்ட்ரான் கிளம்பும், அதன் இடத்தில் ஒரு துளை மிஞ்சும். துளை நீரைத் தாக்கினால் ஹைட்ராக்சில். எலக்ட்ரானை ஆக்சிஜன் வாங்கினால் சூப்பர் ஆக்சைடு என்ற இன்னொரு ரேடிக்கல். என் புட்டியில் துளையை ஆல்கஹால் அடைத்துவிட்டது. மூடிய புட்டியில் ஆக்சிஜனும் தீர்ந்துபோக, எலக்ட்ரானைச் சாயமே வாங்கிக்கொண்டு நிறமற்ற வடிவத்துக்கு மாறியிருக்கிறது. காற்று பட்டதும் பழையபடி நீலம்!

கட்டுரை எல்லாப் பெருமையையும் ஹைட்ராக்சிலுக்கே கொடுத்துவிட்டது. அதற்குச் சான்றாகப் போட்டிருந்த நான்கு கோட்டுப் படம் (ரேடிக்கல்களை அடையாளம் காட்டும் ஈஎஸ்ஆர் கருவியில் எடுப்பது), 1:2:2:1 உயரத்தில், ரேடிக்கல்களைப் பிடித்துவைக்கும் டிஎம்பிஓ என்ற மூலக்கூறு ஹைட்ராக்சிலைப் பிடித்ததைக் காட்டுவதுதான். சரி. ஆனால் சூப்பர் ஆக்சைடைப் பிடித்த டிஎம்பிஓவும் சில நிமிடங்களில் சிதைந்து அதே நான்கு கோடுகளைத் தரும். படம் எப்போது எடுத்தது என்று தெரியாமல் அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், சாயமும் ஒளியை உறிஞ்சும்; அதனாலேயே அது நிறம் இழக்கலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நிறம் குறைந்ததாலேயே வினையூக்கி அந்த ஒளியில் வேலை செய்கிறது என்று எழுதிவிடக் கூடாது.

அடுத்த கட்டுரைக்கு முன் அந்த ஆய்வாளர்களிடம் இரண்டு எண்களைக் கேட்டு வெளியிடுங்கள்: நீரில் மிஞ்சிய மொத்தக் கரிமக் கார்பன், அதாவது சாயமும் அதன் உடைந்த துண்டுகளும் சேர்ந்த கார்பன், எவ்வளவு? விளக்கை அணைத்து இருட்டில் வைத்தபோது, தூளின் மேல் வெறுமனே ஒட்டிக்கொண்ட சாயம் எவ்வளவு?

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியை