ஃப்ளைட் எப்போது என்கிறீர்கள், ஊர் எது என்று கேட்பதில்லை
(கடலோர டைவிங் மையத்தாருக்கு ஒரு மலைக்காரியின் திறந்த மடல்)

புதுச்சேரி, கோவளம், கோவா என்று நம் கரையோரமெங்கும் ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுக்கிற, அழைத்துப்போகிற எல்லாருக்கும் குன்னூரிலிருந்து வணக்கம்.

நான் பள்ளி ஆசிரியை. நாற்பது வயதுக்கு மேல்தான் கடலுக்குள் தலையை விட்டேன். பிறந்ததிலிருந்து தேயிலைச் சரிவையும் மூடுபனியையும் பார்த்து வளர்ந்தவளுக்கு, தலைக்கு மேல் பன்னிரண்டு மீட்டர் தண்ணீர் இருக்கும்போது வருகிற அமைதி எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதைக் கற்றுக்கொடுத்தது உங்களில் ஒருவர்தான். நன்றாகவே கற்றுக்கொடுத்தார். ஆகவே இதைப் புகார் மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

இதுவரை நான் கையெழுத்துப் போட்ட படிவங்களில் ஆஸ்துமா உண்டா, இதயக் கோளாறு உண்டா, காதில் ஆபரேஷன் நடந்ததா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். விமானத்தில் ஏறுவீர்களா என்ற கேள்வியும் இருந்தது. வாய்மொழியாகவும், "அடுத்த ஃப்ளைட் எப்போ மேடம்?" என்று கேட்டார்கள். முகவரி என்ற இடத்தில் 'குன்னூர், நீலகிரி மாவட்டம்' என்று நானே எழுதிக்கொடுத்தேன். அதைப் பார்த்து ஒருவர்கூட நிமிரவில்லை. ஒருவர் மட்டும், "அட, ஊட்டி பக்கமா? வர்க்கி வாங்கிட்டு வந்திருக்கலாமே!" என்றார்.

பேச்சு இப்படி வர்க்கியோடு முடிந்துபோவதுதான் என் கவலை.

என் அக்கா மகன் ஊட்டியில் இருக்கிறான். போன வருடம் நண்பர்களோடு காரில் போய் இரண்டு நாளில் நான்கு டைவ் செய்தான். கடைசி நாள் மதியம் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பத் தயாரானபோது அந்த மையத்தில் கேட்டிருக்கிறார்கள்: "ஃப்ளைட்டா?" இவன், "இல்லண்ணா, கார்லதான்" என்றிருக்கிறான். "அப்போ பிரச்சனையே இல்ல, போய்ட்டு வாங்க." இருட்டும்வரை சேலம் ரோட்டில் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நள்ளிரவுக்குப் பக்கமாக மேட்டுப்பாளையத்தில் டீ குடித்து, ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கிப் பின்சீட்டில் போட்டார்கள். மலைப்பாதையில் பர்லியாறு தாண்டும்போதே பாக்கெட் உப்பிவிட்டது. மலைக்காரர்களுக்கு இது தினப்படி வேடிக்கை. பாக்கெட்டுக்குள் இருக்கும் காற்று மேட்டுப்பாளையத்துக் காற்று. மேலே ஏற ஏற வெளியே அழுத்தம் குறைய, உள்ளே இருப்பது விரிகிறது.

அவன் உடம்புக்குள்ளும் அதே போக்கில் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை இடது தோளில் குடைச்சல், விரல் நுனிகளில் மதமதப்பு. பை தூக்கிய வலி என்று நினைத்து அக்கா நீலகிரித் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறாள். (எங்கள் வீடுகளில் தலைவலியிலிருந்து மனக்கவலைவரை எல்லாவற்றுக்கும் அதுதான்.) சாயந்தரம் எனக்குப் போன் வந்தது. நான் கேட்டது ஒன்றுதான்: "நேத்து எத்தனை மணிக்குடா தண்ணிய விட்டு வெளிய வந்தே?" அன்றிரவே கோவைக்கு இறக்கினோம். அங்கே டாக்டரும் முதலில் அதையேதான் கேட்டார். ஆக்சிஜன் வைத்தார்கள், வலி விட்டது. பிழைத்தான். கடல் ஆசைதான் அதோடு போயிற்று.

உங்களுக்குத் தெரிந்த அறிவியல்தான். ஆனாலும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இதைப் படிக்கலாம், அவர்களுக்காகச் சொல்கிறேன். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் உடம்பின்மேல் அழுத்தம் இரட்டிப்பாகிறது. அந்த அழுத்தத்தில் சிலிண்டர் காற்றை மூச்சாக இழுக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டிலும் கரைந்து தங்குகிறது. மேலே வந்ததும் உடனே போய்விடாது. மணிக்கணக்கில், மெதுவாக, நுரையீரல் வழியாக வெளியேறும். அது முழுதும் வெளியேறுவதற்குள் சுற்றியுள்ள அழுத்தத்தை இன்னும் குறைத்துவிட்டால் உள்ளுக்குள்ளேயே குமிழ் கட்டும். மூட்டில் கட்டினால் வலி, நரம்பில் கட்டினால் மரத்துப்போதல், தண்டுவடத்தில் கட்டினால் நடக்கமுடியாமல்கூடப் போகும்.

விமானத்தில் ஏறாதே என்று சொல்வது இதனால்தான். விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும் உள்ளே இருக்கிற அழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி, அதாவது சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். அந்த மலை எது? ஊட்டி 2,240 மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். தொட்டபெட்டா 2,637 மீட்டர், விமானத்தையே மிஞ்சிவிடுகிறது! எங்கள் ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள் கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. கடற்கரையில் இருக்கிற காற்றழுத்தத்தில் முக்கால் பங்கும் கொசுறும்தான் எங்களுக்கு. விமானத்தில் வருகிறவரைத் தடுத்து நிறுத்துகிறீர்கள், அதே உயரத்துக்குக் காரில் போகிறவரைக் கையசைத்து அனுப்பிவைக்கிறீர்கள். கையில் கட்டுகிற டைவ் கம்ப்யூட்டரும் அப்படித்தான்: திரையில் குட்டி விமானப் படம் போட்டுப் 'பறக்காதே' என்கிறது. அதில் குட்டி மலைப் படம் போட்டு நான் பார்த்ததில்லை.

டைவர்களின் பாதுகாப்புக்கான 'டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்' அமைப்பு சொல்லும் கணக்கு உங்கள் சுவரிலேயே ஒட்டியிருக்கும். மேலேறும்போது இடையில் நிறுத்தம் தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏறுமுன் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்கவேண்டும். ஒன்றுக்கு மேல், அல்லது பல நாள் தொடர்ந்து என்றால் 18 மணி நேரம். இடையிடையே நின்று நின்று ஏறவேண்டிய ஆழமான டைவ் என்றால் 18-ஐவிடக் கணிசமாகக் கூட. அந்த வழிகாட்டுதல் 2,000 அடியிலிருந்து, அதாவது 610 மீட்டரிலிருந்து, 8,000 அடிவரையிலான கேபின் உயரத்துக்கு. மலைப்பாதையில் ஏறினாலும் உடம்புக்குக் கணக்கு அதே கணக்குத்தான். அப்படிப் பார்த்தால் எங்களை விடுங்கள், வார இறுதியில் புதுச்சேரிக்கு வண்டி கட்டிக்கொண்டு வருகிற பெங்களூர்க்காரர்களும் இதற்குள் வருகிறார்கள். அவர்கள் ஊர் 900 மீட்டர். ஆபத்து ஊட்டி அளவு இல்லைதான். ஆனால் உங்களிடம் வருகிறவர்களில் எத்தனை பேர் அந்த ஊர் என்று நான் சொல்லியா தெரியவேண்டும்?

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. ஆடுகளை அழுத்த அறைக்குள் அடைத்துப் பார்த்து, கட்டம் கட்டமாக மேலேறினால் இந்தக் குமிழ் நோய் வராது என்று ஹால்டேன் என்ற விஞ்ஞானி அட்டவணை போட்டு வெளியிட்டது 1908-இல். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூரோடு நின்றிருந்த எங்கள் மலை ரயில் ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்ததும் அதே 1908-இல். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை. ஆனால் மெதுவாக ஏறு என்று இரண்டுமே சொல்கின்றன.

சரி, எங்கள் திட்டத்துக்கு வருகிறேன். வரும் மார்ச்சில் நாங்கள் நான்கு பேர் புறப்படுகிறோம். இரண்டு ஆசிரியைகள், ஒரு தேயிலை ஃபேக்டரி சூப்பர்வைசர், அவர் மச்சான். ஆசை என்னவோ உடைந்த கப்பல்கள் மேல்தான். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் போர்க்கப்பல் கிடக்கிறது. ஐம்பது மீட்டருக்கும் கீழே. பொழுதுபோக்கு டைவருக்கு எல்லையே நாற்பது மீட்டர் என்பதால் அது எங்களுக்குக் கனவோடு சரி. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அதோடு போனார்கள், அது ஒரு கல்லறையும்கூட. அதே நாளில் மூழ்கிய 'பிரிட்டிஷ் சார்ஜண்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் கைக்கெட்டுகிற ஆழத்தில் இருக்கிறது. அதற்குக் கிழக்கிலங்கையில் கடல் அடங்குகிற மே மாதத்துக்கு மேல் போகவேண்டும். பள்ளி திறந்துவிடும். பார்க்கலாம்.

சூப்பர்வைசருக்குக் கடல்பாலம் என்றால் உயிர். அதன் தூண்களைச் சுற்றித்தான் மீன் கூடும் என்பார். அவர் தம்பி ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கிறார். அதற்குத் தெற்கே பஸ்ஸல்டன் என்ற ஊரில் 1865-இல் தொடங்கி நீட்டிக்கொண்டே போன மரப்பாலம், கடலுக்குள் 1.8 கிலோமீட்டர். ஆழம் கம்மிதான், ஆனால் மரத்தூணே தெரியாதபடி கடற்பஞ்சும் பவளமும் மூடியிருக்குமாம். பக்கத்திலேயே 1997-இல் டைவர்களுக்காகவே மூழ்கடித்த ஸ்வான் போர்க்கப்பல். "வா வா" என்கிறார். டிக்கெட் யார் எடுப்பது என்று மட்டும் சொல்லமாட்டேன் என்கிறார். நம் பக்கத்தில் புதுச்சேரியின் பிரெஞ்சுக்காலப் பாலம் 1952 புயலோடு போய்விட்டது. பிறகு கட்டிய பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் சரிந்துவிட்டது. அதன் அடியில் நுழைந்து பார்க்கலாமா என்று மச்சான் கேட்டார். மற்ற மூன்று பேரும் ஒரே குரலில் மறுத்தோம். தனுஷ்கோடிப் பக்கம் 1964 புயலில் போன துறையைப் பார்க்கலாம் என்றார். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா இருக்கிறது, நினைத்த இடத்தில் குதிக்கமுடியாது என்று அதையும் அடக்கினோம். கடைசியில் புதுச்சேரியில் உங்களைப் போன்றவர்கள் கடலடியில் போட்டுவைத்திருக்கும் செயற்கைத் திட்டுகள் என்று முடிவாயிற்று.

திட்டத்தில் நாங்கள் அதிக நேரம் செலவழித்தது திரும்புகிற வழிக்குத்தான். இரண்டாவது டைவ் முடிந்து மதியம் பன்னிரண்டரைக்கு வெளியே வருகிறோம் என்று வையுங்கள். காரில் கிளம்பினால் நள்ளிரவில் குன்னூர்: பதினொன்றரை மணி நேரம், போதாது. மேட்டுப்பாளையம் 330 மீட்டர்தான். அங்கே ஒரு லாட்ஜில் தூங்கி, காலையில் இட்லி சாப்பிட்டு, எட்டு மணிக்கு மேல் மலை ஏறினால் பத்தொன்பது மணி நேரம் தாண்டிவிடும். இதைவிட எனக்குப் பிடித்தது ரயில்: சென்னைக்குப் போய் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ், விடிகாலையில் மேட்டுப்பாளையம், ஏழு பத்துக்கு மலை ரயில், பத்தரைக்குக் குன்னூர். இருபத்திரண்டு மணி நேரம். என்ன, மலை ரயிலில் சீட் கிடைப்பது ஹெர்மிஸைப் பார்ப்பதைவிடக் கஷ்டம். கொடைக்கானல்காரர்கள் வத்தலகுண்டில் தங்கலாம். ஏற்காடு, மூணாறு, வால்பாறை என்று எந்த மலையானாலும் அடிவாரத்தில் ஒரு ராத்திரி, அவ்வளவுதான் செலவு.

இது மலைக்காரர்கள் கதை மட்டுமில்லை. மே மாதத்தில் நாங்கள் கடலைத் தேடி இறங்குகிறோம், சமவெளிக்காரர்கள் இ-பாஸ் எடுத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு ஏறுகிறார்கள். சனிக்கிழமை காலை கோவளத்தில் டைவ், சனிக்கிழமை ராத்திரியே ஊட்டி ரிசார்ட் என்று ஒரே லீவில் இரண்டையும் சேர்த்துப் பார்க்க நினைக்கிற குடும்பங்கள் உண்டு. அப்படி வந்தவர்களுக்கு இங்கே தோள் வலித்தால் குளிர் என்பார்கள், தலை சுற்றினால் கொண்டை ஊசி வளைவு என்பார்கள், அசதியென்றால் பயண அலுப்பு என்பார்கள். எல்லாவற்றுக்கும் மலையில் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. முந்தின நாள் டைவ் அடித்தீர்களா என்று ரிசப்ஷனில் கேட்க யாருக்குத் தோன்றும்? உங்களுக்குத்தான் தோன்றவேண்டும், அதுவும் அவர்கள் உங்கள் வாசலைத் தாண்டுவதற்குள்.

எங்கள் மலையில் செங்குத்துப் பாறையில் தேன் எடுக்க இறங்கும் குறும்பர்கள், கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்பார்கள். தூத்துக்குடியில் முத்துக்குளிக்க இறங்கியவர்களைப் பற்றியும் இதே பேச்சு உண்டு. தங்கை தாலி அறுந்துவிடக் கூடாதே என்று அவன் கயிற்றை விடமாட்டான் என்பது கணக்கு. தண்ணீருக்குள் நீங்கள் எனக்கு அப்படித்தான் இருந்தீர்கள். ஒரு நிமிடம்கூடக் கண்ணெடுக்கவில்லை. படகு கரைக்கு வந்ததும் கயிறு முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறீர்கள். எனக்கு அது பர்லியாறு தாண்டி இன்னும் மேலே குன்னூர்வரை நீண்டு கிடக்கிறது.

கேட்பது இவ்வளவுதான். படிவத்தில், 'அடுத்த 24 மணி நேரத்தில் விமானத்தில் ஏறுவீர்களா?' என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே, 'மலைக்குப் போவீர்களா? எங்கே?' என்று சேருங்கள். தமிழிலும் அச்சடியுங்கள். ஆமாம் என்கிறவருக்கு எந்தெந்த ஊர் எத்தனை மீட்டர் என்று ஒரு சீட்டு கொடுங்கள். அவசரத்துக்கு அழைக்க உங்கள் எண்ணும் அதில் இருக்கட்டும். மலை ஏறியபின் வலி, மதமதப்பு, தள்ளாட்டம் என்றால் தைலம் தேய்க்காமல், உடனே ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கேட்டு, 'டைவ் செய்தேன்' என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லவேண்டும் என்றும் அந்தச் சீட்டிலேயே எழுதுங்கள். குமிழைக் கரைக்க ஆளை மீண்டும் அழுத்தத்தில் வைக்கும் மறு அழுத்த அறை வைத்திருக்கும் கடற்படைத் தளங்கள் மும்பை, கொச்சி என்று கடலோரத்தில்தான் இருக்கின்றன. அதற்கும் எங்களுக்கும் நடுவே ஒரு முழு மலையே இருக்கிறது.

இதனால் ஒரு புக்கிங்கூடக் குறையாது. மதியமே கிளம்பவேண்டியவர்கள் உங்கள் ஊரிலேயே இன்னொரு ராத்திரி தங்குவார்கள், அவ்வளவுதான்.

மார்ச் இரண்டாவது வாரம் வருகிறோம். படிவம் மாறியிருந்தால் சந்தோஷம். மாறாவிட்டால் ஃப்ளைட் கேள்வியை அடித்துவிட்டு, ஓரத்தில் நானே எழுதுவேன்: 'குன்னூர், 1,850 மீட்டர், கார்.' வர்க்கியும் எடுத்துவருகிறேன்.

இப்படிக்கு,
குன்னூரிலிருந்து ஓர் ஆசிரியை