கருங்குன்றத்தில் ஒரு மருத்துவச்சி வேண்டும்

அன்புள்ள தம்பி,

நலமா? மெல்பர்னில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய். நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்.

நீ அனுப்பிய கதையை அப்பா இங்கே பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு கடையில் பிரிண்ட் போட்டு எடுத்து வந்தார். முழுவதும் படித்துவிட்டேன். கருங்குன்றத்தார் மலையைக் குடைந்து வாழும் விதமும், ஐந்து குடிகளுக்கும் நீ வைத்திருக்கும் பெயர்களும், சுரங்க வாசலில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நுழையும் வழக்கமும் எனக்கு ரொம்பப் பிடித்தன. கதையைப் பற்றி உன் தங்கை உனக்கு எழுதுவாள். நான் எழுத உட்கார்ந்தது கடைசியில் நீ சேர்த்திருக்கும் அட்டவணையைப் பற்றி. மொத்த மக்கள் 40,000. படைவீரர் 12,000. நாலு பேரில் ஒருவர்தான் பெண். வீட்டுக்கு இரண்டு பிள்ளை. வேலை பார்த்த காலமெல்லாம் பிள்ளைப்பேறு பார்த்தவள் நான். இப்படி ஓர் அட்டவணையைப் பார்த்தால் முதலில் பெற்றவளைத்தான் தேடுவேன். உன் கதையில் அவளைக் காணவில்லை.

நீயே கணக்கைப் போட்டுப் பார். 40,000 பேரில் கால்வாசி என்றால் 10,000 பெண்கள். பிறக்கும் நாலு பிள்ளையில் ஒன்றுதான் பெண் என்றால், ஒருத்தி தன் இடத்துக்கு ஒரு மகளை விட்டுச் செல்ல நாலு பிள்ளை பெறவேண்டும், நாலும் பிழைத்து ஆளாகவேண்டும். நீ இரண்டோடு நிறுத்திவிட்டாய். ஒருத்திகூட விடாமல் எல்லோரும் கல்யாணம் செய்து இரண்டிரண்டு பெற்றாலும் அடுத்த தலைமுறையில் பெண்கள் 5,000, அதற்கடுத்ததில் 2,500. உன் கதையில் வரும் மாறனின் பேரன் தலையெடுக்கும்போது அந்தத் தலைமுறையில் ஆண் பெண் எல்லாம் சேர்ந்து 10,000 பேர்தான். அந்தப் பேரன் ஏழாம் அத்தியாயத்தில் 12,000 வீரர்களோடு பள்ளத்தாக்கில் இறங்குகிறான். அத்தனை வீரர்களைப் பெற்றது யார்?

நம் உலகில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அதனால் வீட்டுக்கு இரண்டுக்குச் சற்று மேலே இருந்தாலே ஒரு சனம் குறையாமல் நிற்கும். மலேசியாவில் 1970இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து பிள்ளைக்குக் கொஞ்சம்தான் குறைவு. இப்போது இரண்டுக்கும் கீழே வந்துவிட்டது. பாலிக் புலாவ் பக்கம் நான் கிளினிக் டேசாவில், அதாவது கிராமத்து கிளினிக்கில், இருந்தபோது ஒரே வீட்டில் மாமியாருக்கு ஒன்பது பிள்ளை, மருமகளுக்கு இரண்டு. ஆண் பெண் சரிபாதியாகப் பிறக்கும் ஊரிலேயே அந்த மாற்றம் ஒரு தலைமுறைக்குள் பள்ளிக்கூடத்தையும் கல்யாணத்தையும் கிழவர்களைப் பார்த்துக்கொள்வதையும் மாற்றிவிட்டது. நாலில் ஒருவர்தான் பெண் என்ற உன் மலையில் எதுவுமே மாறாமல் முந்நூறு வருஷம் போகிறது.

பெண்கள் அரிது என்பதை நீ எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியும். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் கதையில் வரும் குள்ளர் இனம். நீ இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில் அந்த மூன்று தடிப் புத்தகங்களையும் வீட்டில் இறைத்துப் போடுவாய். 1955இல் வந்த மூன்றாம் பாகத்தின் பின்னிணைப்பை அப்போதே நானும் படித்தேன். அதில் குள்ளர் பெண்களைப் பற்றி ஒரு பத்திதான் இருக்கிறது, ஆனால் எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார் பார். மொத்தச் சனத்தில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கமாட்டார்கள். வாழ்நாளில் ஒரே கணவன், ஒரே மனைவி. எல்லாப் பெண்களும் கல்யாணம் செய்வதில்லை. சிலருக்கு விருப்பமே இல்லை, சிலர் விரும்பியவன் கிடைக்காததால் வேறு யாரையும் ஏற்பதில்லை. ஆண்களிலும் பலர் கைவேலையில் மூழ்கிக் கல்யாணத்தை நினைப்பதில்லை. அதனால் அந்த இனம் மெதுவாகத்தான் பெருகும், பாதுகாப்பான இருப்பிடம் இல்லாத காலத்தில் ஆபத்தில் சிக்கிவிடும். சனத்தொகை, கல்யாண முறை, வீடு மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டார். நீ முதல் இழையை மட்டும் உருவிக்கொண்டு மற்ற இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டாய்.

அந்த வரலாற்றில் பெயரோடு வரும் ஒரே குள்ளர் பெண் டீஸ். வம்சாவளியில் அவள் பிறந்தது, அந்தக் கதையின் ஆண்டுக்கணக்கில், மூன்றாம் யுகம் 2760. மூத்தவன் ஃபீலி பிறந்தது 2859இல், இளையவன் கீலி 2864இல். அதாவது 99 வயதில் தலைப்பிள்ளை. அவர்களில் 250 வயது வரை வாழ்ந்தவர்கள் உண்டு என்பதால் அது அங்கே நடக்கக்கூடியதுதான். ஆனால் எனக்கு அந்த எண்களைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது. 2790இல் அவளுடைய தாத்தாவைக் கொன்றார்கள். அதற்குப் பழிவாங்கப் போன போரில் 2799இல் அண்ணன் ஃப்ரெரின் செத்தான். 2850இல் அப்பா எதிரியின் சிறையில் செத்தார். 2941இல் மூத்த அண்ணன் தோரினும், பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே போரில் போய்விட்டார்கள். அவள் எப்போது இறந்தாள் என்று வம்சாவளியில் இல்லை. புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு உனக்கும் பாடமாக இருந்ததே, வீட்டு ஆண்களை வரிசையாகப் போருக்குக் கொடுத்தவள் மிச்சமிருந்த ஒரே மகன் கையிலும் வேலைக் கொடுத்து அனுப்புகிறாளே, அதை வீரம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மறுநாள் அந்த வீட்டில் யார் இருப்பார்கள் என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும்.

இப்போது உன் போருக்கு வருகிறேன். பள்ளத்தாக்குப் போரில் 8,000 ஆண்கள் சாகிறார்கள், அதோடு இனமே ஒடிந்துபோகிறது என்று எழுதியிருக்கிறாய். துக்கம் பெரிது, அது சரி. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. 30,000 ஆண்களில் 8,000 பேர் போனாலும் 22,000 பேர் மிச்சம். பெண்கள் அதே 10,000. அடுத்த வருஷம் பிறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. அதே சமயம் பிரசவக் காய்ச்சல் ஒன்று வந்து ஒரு மழைக்காலத்தில் 500 தாய்மார் இறந்தால் அந்த இடம் பல தலைமுறைக்கு நிரம்பாது. உன் மக்கள் அழிவதானால் பிரசவ அறையிலிருந்துதான் அழிவார்கள். அந்த அறைக்கு உன் வரைபடத்தில் இடமே இல்லை. ஆயுதக்கிடங்குக்கு மூன்று இடம் ஒதுக்கியிருக்கிறாய்.

கிளினிக்கில் கர்ப்பிணிகளின் அட்டையில் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று அடையாளம் வைப்போம். சிவப்பு என்றால் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். நாலில் ஒருவர் மட்டும் பெண் என்றால் கருங்குன்றத்தில் எல்லா அட்டையும் சிவப்புதான். அரசனைவிட மருத்துவச்சியின் சொல் அங்கே எடுபடும். அவளுக்கு யார் பிள்ளை யாருக்குப் பிறந்தது என்பது தெரியும், எந்தக் குடியில் பெண் குழந்தை பிறப்பது நின்றுபோயிற்று என்பதும் அவளுக்குத்தான் முதலில் தெரியும். சபையில் ஐந்து குடித்தலைவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஆறாவது இருக்கை அவளுடையது. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவம் பார்ப்பவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவவேண்டும் என்று வைத்தவுடன் அந்த வார்டில் சாவு சட்டென்று இறங்கியது. அவர் பேச்சைப் பலர் ஏற்கவில்லை என்பது வேறு கதை. உன் ஆட்கள் கொல்லர்கள், நாள் முழுக்க நெருப்பும் கொதிநீரும் கையில் இருக்கிறது. கத்தரிக்கோலைக் காய்ச்சி எடுக்கும் ஒரு மருத்துவச்சியை அங்கே கொண்டுவந்தால் ஒரு முழு அத்தியாயம் கிடைக்கும்.

பெண் குறைந்த இடம் எப்படி இருக்கும் என்பதற்கு நீ கற்பனைக்கு ரொம்ப தூரம் போகவேண்டாம். என் பாட்டி கப்பலில் வந்து இறங்கி, ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காக வைத்திருந்து, அப்புறம் நிபோங் திபால் பக்கம் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர். அந்தக் காலத்து லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஆண்கள்தான் அதிகம். பிறப்பால் ஏறி இறங்கியதைவிடக் கப்பலால்தான் சனத்தொகை ஏறி இறங்கியது. ரப்பர் விலை ஏறினால் கங்காணி ஆள் கூட்டிவருவார். 1930களின் தொடக்கத்தில் விலை விழுந்ததும் ஆயிரக்கணக்கானோரை ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர்களை அப்படி அனுப்புவதை நிறுத்திய பிறகு, புதிதாக ஆள் வேண்டுமென்றால் இங்கேயே பிறக்கவேண்டும் என்றாயிற்று. ஆயாக் கொட்டகையில் தூளிகள் கூடினது அதற்குப் பிறகுதான் என்று பாட்டி சொல்வார்.

தனி ஆண்களுக்குப் பாட்டி சமைத்துப் போட்டார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, போவதற்குள் ஆளுக்கு ஒரு தூக்குச்சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டு மூடி வைக்கவேண்டும், சம்பளத்தன்று காசு வரும். அந்த ஆண்களில் சிலர் கடைசிவரை தனிக்கட்டையாகவே இருந்தார்கள். செத்தபோது கொள்ளி வைக்க மகன் இல்லை, பக்கத்து அறைக்காரர் வைத்தார். பெண் குறைவு என்பதற்காகப் பெண்ணுக்கு மரியாதை கூடிவிடவும் இல்லை. கங்காணிக்குப் பயந்து, தண்ணீர்க் குழாய்க்குத் தனியாகப் போகப் பயந்து வாழ்ந்தார்கள். சண்டை வந்தால் பழியும் அவள் மேல்தான். டோல்கீனின் குள்ளர் பெண்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதை நான் மதிக்கிறேன். உன் மலையில் எப்படி? கல்யாணம் ஆகாத 20,000 ஆண்கள் எங்கே தூங்குகிறார்கள், யார் சமைக்கிறார்கள், வயதானால் யார் பார்ப்பார்கள்? நீ எழுதவேண்டிய சமூகம் இந்தக் கேள்விகளுக்குள்தான் இருக்கிறது. குடிகளின் கொடி நிறமெல்லாம் அப்புறம் வரட்டும்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். மலைக்குள் நெல் விளையாது. டோல்கீனின் குள்ளர்களும் உணவைத் தாங்களே விளைவிக்க மெனக்கெடவில்லை, அடிவாரத்து மனிதர்களிடம் கைவேலைக்குப் பண்டமாற்றாக வாங்கினார்கள். தோட்டமும் அப்படித்தான். ரப்பர் மரத்தைச் சாப்பிட முடியாது, அரிசி பர்மாவிலிருந்து வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அது நின்றதும் மரவள்ளிக்கிழங்குதான். ஆண்கள் பலரைச் சயாமில் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பாதவர்கள் நிறைய. அவர்கள் வீட்டுப் பெண்கள் குழந்தையை ஆயாவிடம் விட்டுவிட்டு வாளியைத் தூக்கினார்கள். உன் போரில் 8,000 பேர் செத்த மறுநாளும் கருங்குன்றத்தில் அவரவர் வேலை அவரவரிடமே இருக்கிறது. அது எனக்குச் சரியாகப் படவில்லை.

எண்ணிக்கையைக் குறைக்கத் தயங்காதே. டோல்கீனின் கதையில் அயர்ன் ஹில்ஸிலிருந்து டாயின் என்ற குள்ளர் தலைவன் தோரின் உதவிக்குக் கூட்டிவந்த படை ஐந்நூறுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதே கதையில் ஹாபிட்கள் என்ற சிறு மனிதர்கள் தங்கள் ஊரான ஷயரை மீட்க நடத்திய பைவாட்டர் சண்டையில் அவர்கள் பக்கம் இறந்தவர்கள் 19 பேர். அந்த 19 பெயரையும் பட்டியலாக எழுதி, ஷயரின் வரலாற்றாசிரியர்கள் மனப்பாடம் செய்து வைத்தார்கள். சின்னச் சனம் அப்படித்தான் துக்கம் காக்கும். உன் 8,000 பேரில் எனக்கு ஒருவன் பெயர்கூட ஞாபகமில்லை. 80 பேர் செத்ததாக மாற்று, அதில் பத்துப் பேர் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போ.

நான் கேட்பது இதுதான். மொத்தத்தை 9,000ஆகக் குறை. படை ஆயிரத்துக்கு மேல் வேண்டாம். பெண்கள் மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும், கல்யாணம் செய்தவளுக்கு நாலைந்து பிள்ளை. மாறனின் அம்மா முதல் அத்தியாயத்திலேயே இறந்துவிட்டதாக ஒரு வரியில் முடித்திருக்கிறாய், அவளை உயிரோடு கொண்டுவா. நாலாம் அத்தியாயத்தில் ஒரு பிரசவம் வை. எழுதியதும் முதலில் எனக்கு அனுப்பு. தொப்புள்கொடியில் துடிப்பு நின்றபின் கட்டுவதா, நஞ்சுக்கொடி முழுசாக வந்ததா என்று எப்படிப் பார்ப்பது, இதெல்லாம் தப்பாகப் போகக்கூடாது. கேட்டால் உட்கார்ந்து விவரமாக எழுதித் தருகிறேன்.

அட்டவணையை அடுத்த முறை பெரிய எழுத்தில் போடு. அப்பாவுக்கும் படிக்கவேண்டுமாம்.

அன்புடன்,
அம்மா