அதே கதிரை, அதே கோடு, அதே கேள்வி: திருகோணமலையிலிருந்து ஒரு நன்றி மடல்

கனடாவின் நீள்கால முதுமை ஆய்வில் செவ்வி காண்போர், தாதியர், ஆய்வுகூடத்தார், தரவுப் பிரிவினர், அதில் பங்குபற்றும் முதியோர், அவர்களின் வீட்டார் எல்லோருக்கும் வணக்கம்.

திருகோணமலை மாவட்டத்தில் முதியோர் சங்கங்கள் ஊடாக, 60 வயது தாண்டியவர்களின் பிறஷர், பிடிவலு (கையால் இறுக்கிப் பிடிக்கும் பலம்), நடை, ஞாபகசக்தி ஆகியவற்றைப் பார்த்துப் பதிகிறவர்கள் எழுதுகிறோம். உங்களுக்கும் எங்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் உங்கள் செய்முறைக் கையேடுகளை யாரும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறீர்கள். எங்கள் பதிவுத்தாளின் பாதி அங்கிருந்து கற்றது.

வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: 2010 தொடக்கம் 2015 வரை, 45 முதல் 85 வயது வரையான 51,338 பேர் இந்த ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். அதில் 21,241 பேரிடம் போன் வழியாகக் கேள்விகள். மிகுதி 30,097 பேருக்கு முதலில் வீட்டில் செவ்வி, பிறகு விக்டோரியா முதல் சென். ஜோன்ஸ் வரையுள்ள 11 நிலையங்களில் ஒன்றில் உடற்சோதனை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பவும் அதே ஆட்கள், குறைந்தது 20 வருடத்துக்கு. தலைமை தாங்கிய பர்மிந்தர் ரைனா, கிறிஸ்டினா வூல்ப்சன், சூசன் கேர்க்லண்ட் மூவருக்கும் எங்கள் மரியாதை உரியது. ஆனாலும் இந்த மடல் கூடுதலாக, நாடாவும் ஸ்டொப்வொட்சும் பிடித்து நிற்பவர்களுக்குத்தான்.

காரணம் எளிது. நேற்று ஒரு கொத்தாலும் இன்று வேறொரு கொத்தாலும் அளந்த நெல்லைக் கூட்டிக் கழிக்க முடியாது. ஒருவர் மூன்று வருடத்தில் எவ்வளவு தளர்ந்தார் என்று சொல்ல வேண்டுமென்றால், முதல் அளவும் இரண்டாம் அளவும் ஒரே மாதிரி எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒரே மாதிரியை வருடக்கணக்காகக் காப்பாற்றுவது எவ்வளவு சலிப்பான வேலை என்று தெரிந்தவர்கள் நாங்கள்.

பிறஷரை எடுத்துக்கொள்வோம். உங்கள் நிலையங்களில் பங்காளரை இருத்திவிட்டு ஊழியர் அறையை விட்டு வெளியேறுகிறார். கருவி தானாக ஆறு முறை அளக்கிறது. முதலாவதை விட்டுவிட்டு மற்ற ஐந்தின் சராசரியை எடுக்கிறீர்கள். முதல் அளவு பதட்டத்தில் ஏறி நிற்கும் என்பது எங்களுக்கும் பழக்கமான சங்கதி. கோயில் மண்டபத்திலோ பாடசாலை வகுப்பறையிலோ தனி அறைக்கு எங்கே போவது? அதனால் நாங்கள் ஐந்து நிமிடம் பேசாமல் இருத்தி, ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை எடுத்து, பின்னிரண்டின் சராசரியைப் பதிகிறோம். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பட வேண்டும், கால் மேல் கால் கூடாது. கை மடியில் கிடக்க விட்டால் அளவு கெடும். கை இதய மட்டத்திலிருந்து 10 செ.மீ. தாழ்ந்தால் ஏறத்தாழ 8 மி.மீ. பாதரசம் கூடக் காட்டும். மேசை பதிவாக இருந்தால் ஒரு தலையணையோ மடித்த போர்வையோ போதும். கையில் சுற்றும் பட்டியும் முக்கியம்: மெலிந்த கைக்குப் பெரிய பட்டி போட்டால் குறைத்துக் காட்டும், பருத்த கைக்குச் சிறிய பட்டி போட்டால் கூட்டிக் காட்டும். இரண்டு அளவிலும் பட்டி இல்லாமல் முகாமுக்குப் போவதில் பயனில்லை. மேலும் ஒன்று: பக்கத்தில் இருப்பவர் நலம் விசாரிக்க, இவர் பதில் சொல்ல, அளவு ஏறிக்கொண்டே போகும். அந்த விசாரிப்பை நிறுத்துவதுதான் முழு வேலையிலும் கஷ்டமானது.

நடை வேகத்துக்கு நீங்கள் 4 மீற்றர் வைத்திருக்கிறீர்கள். 4 மீற்றரை 4 வினாடியில் நடந்தால் வினாடிக்கு 1 மீற்றர், 5 வினாடி என்றால் 0.8. பெருவிரல் அரை வினாடி பிந்தினால் ஆள் ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்குப் போய்விடுவார். அதனால் யார் ஸ்டொப்வொட்ச் பிடிப்பது, எந்தக் கால் கோட்டைத் தாண்டும்போது அமத்துவது என்று எழுதி வைத்தோம். நிலவெளியிலும் சாம்பல்தீவிலும் மணல் முற்றத்தில் அளக்கக் கூடாது, சீமெந்துத் தரைதான் வேண்டும். செருப்பைக் கழற்றச் சொன்னால் கோயிலில் நடப்பதுபோல் மெதுவாக நடப்பார்கள். போட்டிருந்தால் வார் அறுந்த செருப்பை இழுத்துக்கொண்டு நடப்பார்கள். நாங்கள் வெறுங்கால் என்று முடிவெடுத்தோம். எதை எடுத்தாலும் பரவாயில்லை, அடுத்த தடவையும் அதுவாக இருக்க வேண்டும். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியவரும் கணுக்கால் வரை இறக்கி விட்டவரும் ஒரே வேகத்தில் நடக்கமாட்டார்கள், அதையும் தாளில் ஒரு குறியாகப் போடுகிறோம்.

ஐந்து முறை இருந்து எழும் சோதனைக்கு முதல் எதிரி பிளாஸ்டிக் கதிரை. கால் வளையும், பின்னுக்குச் சறுக்கும், உயரமும் ஒவ்வொன்றிலும் வேறு. 45 செ.மீ. அளவு உயரமுள்ள, கைப்பிடி இல்லாத ஒரே மரக்கதிரையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சுவரோடு ஒட்டி வைக்கிறோம். கைகளை நெஞ்சில் கட்டி ஐந்து முறை எழும்ப 12 வினாடி அல்லது அதற்கு மேல் எடுத்தால் தசைத் தளர்ச்சியைச் சந்தேகிக்கலாம் என்பது ஆசிய வல்லுநர் குழுவின் 2019 அளவுகோல். பிடிவலுவில் அதே குழு ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழ், பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழ் என்று வைத்திருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு இதுதான் பொருந்தும், ஐரோப்பிய எல்லைகளை அப்படியே எடுத்தால் பலர் தப்பிவிடுவார்கள். பிடிவலு அளவியில் கிலோவும் இறாத்தலும் பக்கம் பக்கமாக அச்சிடப்பட்டிருக்கும். அவசரத்தில் இறாத்தல் வளையத்தை வாசித்தால், நோஞ்சான் கிழவருக்கும் 60 வந்து நிற்கும். அப்படி ஒரு எண் வந்தால் முதலில் வாசித்தவரைச் சந்தேகியுங்கள்.

ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்லலாம் என்ற சோதனையைத் திருத்தும் உங்கள் பிரிவினருக்குத் தனியாக ஒரு கும்பிடு. நீங்கள் அதை இறுக்கமாக ஒரு கணக்கும் தளர்வாக ஒரு கணக்குமாக இரண்டு விதத்தில் எண்ணுகிறீர்கள். கோழி, சேவல், குஞ்சு என்றால் ஒன்றா மூன்றா என்ற சண்டை அதோடு தீர்ந்தது. இங்கே அது மீனில் வருகிறது. கடற்கரை ஆட்கள் சூரை, பாரை, அறக்குளா, விளைமீன், கும்பளா என்று மூச்சு விடாமல் அடுக்குவார்கள். தம்பலகாமத்து வயல்காரர் மாடு, எருமை, ஆடு, யானை என்று போய் நிற்பார். இருவரையும் ஒப்பிட்டு ஒருவருக்கு ஞாபகமறதி என்று எழுதினால் அது அநியாயம். ஒருவருடைய எண்ணிக்கையை அவருடைய முந்திய எண்ணிக்கையோடு வைத்துப் பார்ப்பதுதான் சரி. நீள்கால ஆய்வு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறோம்.

ஆய்வுகூடத்தாருக்கும் நன்றி. எடுத்த இரத்தத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரித்துச் சிறு குழாய்களில் அடைத்து உறையவைத்து, ஹமில்டனில் திரவ நைதரசன் ஆவியில் சேமிக்கிறீர்கள். பிரிக்காமல் வைத்த இரத்தத்தில் உயிரணுக்கள் சீனியைத் தின்றுகொண்டே இருக்கும், மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 5 முதல் 7 வீதம் குறையும். எங்கள் சித்திரை வெயிலில் ஓட்டோவில் கொண்டுபோகும் குழாய்க்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே நாங்கள் இரத்தம் எடுப்பதில்லை.

வயது என்பது முதல் கேள்வி, இங்கே அதுதான் சிக்கல். யுத்தத்திலும் 2004 கடல்கோளிலும் பிறப்புச் சான்றிதழ் போனவர்கள் ஏராளம். பழைய அடையாள அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள், பெண்களுக்கு அதனோடு 500 கூட்டியிருக்கும். 47632 என்று தொடங்கினால் 1947, 132ஆவது நாள், பெண். கவனிக்க வேண்டியது: எல்லா வருடத்துக்கும் பெப்ரவரியை 29 நாளாகவே எண்ணுகிறார்கள். எனவே அது மே 11, வெறுமனே எண்ணினால் மே 12 என்று பிசகும். அட்டையும் குத்துமதிப்பில் எடுத்ததென்றால் ஊர்ச் சம்பவம்தான் துணை. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்டபோது கைக்குழந்தையா, 1957இல் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது பள்ளிக்கூடம் போனவரா, 1964 மார்கழிப் புயலில் கலியாணம் முடித்திருந்தாரா? புயல் என்றவுடன் எழுதிவிடக் கூடாது. 1978 கார்த்திகையில் மட்டக்களப்பை அடித்த புயலும் இருக்கிறது. அந்த நேரம் எந்த ஊரில் இருந்தார் என்று கேட்காவிட்டால் 14 வருடம் தவறும்.

உங்கள் அழைப்புப் பிரிவினர் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில், பதினெட்டு மாதமளவில் ஒருமுறை போன் எடுத்துத் தொடர்பைக் காப்பாற்றுவார்கள். ஆளைத் தொலைப்பது மூன்றாம் வருடத்தில் நடப்பதில்லை. நம்பர் மாறிய நாளில் நடந்துவிடுகிறது. இதைப் பார்த்து நாங்களும் ஒவ்வொருவருக்கும் மூன்று தொடர்புகள் எழுதுகிறோம்: வீட்டார், வேறு ஊரில் இருக்கும் ஒருவர், கோயில், பள்ளிவாசல் அல்லது தேவாலயத்தில் ஒருவர். மூதூர் கிழக்கில் ஒரு குடும்பத்தின் விலாசம் எத்தனை தடவை மாறியிருக்கும் என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

2020இல் நிலையங்கள் மூடியபோது, ஏப்ரல் மாதமே கொவிட் பற்றிய கேள்விக்கொத்தைத் தொடங்கினீர்கள். 28,500க்கும் மேற்பட்ட பங்காளர்கள் பதில் சொன்னார்கள். முன்பே பல வருட அளவுகள் கையில் இருந்ததால்தான் தொற்றுக்கு முன், பின் என்று ஒப்பிட முடிந்தது. திரும்பத் திரும்ப அதே கேள்விக்குச் சலிக்காமல் பதில் சொல்லும் அந்த அம்மா, ஐயாமாருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். தாங்களே பதில் சொல்ல முடியாத நாளில் பேச ஒருவரை முன்கூட்டியே நியமித்தவர்களுக்கும், அப்படி நியமிக்கப்பட்ட பிள்ளைகளுக்கும். இங்கே பிள்ளை பக்கத்தில் இருந்தால் “அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை” என்று பதில் வந்துவிடும். கவலை, தனிமை பற்றிய பக்கத்தை ஆள் தனியே இருக்கும்போதுதான் கேட்க வேண்டும்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்கிறோம். உங்கள் ஆய்வில் சேர ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரிந்திருக்க வேண்டும். பேரப்பிள்ளை பார்க்கப் போய் அங்கேயே தங்கிவிட்ட, தமிழ் மட்டும் தெரிந்த எங்கள் ஆச்சிமார் உங்கள் எண்ணிக்கையில் இல்லை. இந்த இடத்தில் இந்தியாவின் நீள்கால முதுமை ஆய்வில் தமிழில் கேள்வி கேட்டுத் திரிந்த களப்பணியாளர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். மும்பையின் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், ஹாவர்ட், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து 2017–18இல் நடத்திய முதற்சுற்றில் 72,000க்கும் மேற்பட்டோர் பதிவானார்கள். விரல் நுனி இரத்தப் பொட்டைக் கடதாசியில் உலர்த்தி எடுக்கும் முறையை வெயில் நாட்டில் வீடு வீடாகச் செய்து காட்டியவர்கள் அவர்கள்.

இனி எங்கள் ஆட்கள். பெயர் போட்டால் ஒருவர் விடுபடுவார், ஆகவே வேலையைச் சொல்கிறோம். பட்டியலைத் திருத்தித் தந்த கிராம உத்தியோகத்தர்கள். ஒரே ஆளின் பெயரைத் தமிழில் ஒரு விதமாகவும் சிங்களத்தில் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் மூன்றாவதாகவும் எழுதியிருந்ததை ஒன்றாக்கியவர்கள் அவர்கள்தான். எந்த வீட்டில் யார் படுக்கையில் என்று சொல்லித் தந்த மருத்துவமாதுக்கள். கிண்ணியாவிலும் வெருகலிலும் வாசல் வரை ஓட்டோவைக் கொண்டுபோய், காத்து நின்றதற்குக் காசு வாங்காதவர்கள். நோன்பு மாதத்தில் பிறஷர் பார்க்க வேண்டாம் என்று முதலே தடுத்த பள்ளிவாசல் நிருவாகத்தார். இரவு இரவாகத் தாள்களைக் கணினியில் ஏற்றியவர்கள். அவர்களில் இருவர் தனித்தனியே ஏற்றி, பொருந்தாத இடத்தைத் தாளைப் பார்த்துத் திருத்துவதால்தான் எண்களை நம்புகிறோம்.

அடுத்த சுற்று முன்னையதைப்போலவே மாரி முடிந்து, மாசி பிறந்த பிறகு. வெயில் காலத்தில் பிறஷர் இறங்கி நிற்கும் என்பதால் பருவத்தை மாற்ற மாட்டோம். வருகிறவர்கள் கிளினிக் கொப்பியோடு, பாவிக்கும் குளுசைகளை அந்தந்தக் கடதாசி உறையோடேயே கொண்டுவாருங்கள். “வெள்ளைக் குளுசை” என்றால் எங்களால் எதையும் எழுத முடியாது. அன்று காலைக் குளுசையை வழமைபோல் போட்டுவிட்டே வாருங்கள். அளக்க அரை மணித்தியாலத்துக்கு முன் தேத்தண்ணி, வெற்றிலை, சுருட்டு வேண்டாம். கண்ணாடி, காதுக்கருவி இருந்தால் மறக்காதீர்கள். கனடாவில் இருக்கும் உறவினருக்கும் ஒரு வார்த்தை: இந்த ஆய்வில் விரும்பியவர்கள் போய்ச் சேர முடியாது, ஆட்களை எழுந்தமானமாகத் தெரிவு செய்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே சேர்ந்திருந்து வீடு மாறியிருந்தால் புது நம்பரை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

நன்றியுடன்,
முதியோர் பரிசோதனை முகாம்களில் பணியாற்றுவோர்,
திருகோணமலை